‘போயிட்டு வாரேன்’ என்றொரு பட்டன்

அன்புள்ள வாசுகி,

இன்று காலை உறுதியான செய்தி: உங்க அண்ணனும் அந்தப் பட்டனை அமுக்கியிருக்கிறார். சொன்னவர் அவரேதான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன் என்பதுபோலச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இதற்கு முன்பே இரண்டு பேர் இதையே சொல்லியிருந்தார்கள். வெளியாள் சொன்னதை வைத்து எழுதக் கை வரவில்லை. வீட்டுக்குள்ளேயே ஓர் ஆள் அகப்பட்ட பிறகுதான் உட்கார்ந்தேன். ‘வாங்குனவங்களே விட்டுட்டுப் போறாங்க அண்ணி’ என்று போன வருசம் முழுக்கக் குமைந்தாயே, அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர்கள் உன்னை விட்டுப் போகவில்லை. உன்னிடம் சொல்லிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள்.

இதை வேறு ஆட்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். வாசுகி என் நாத்தனார். புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் இருந்தவள். தனியார் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் வேலை. அவளுடைய பள்ளித் தோழி பார்வதிக்குத் திருவரங்குளத்துக்கு அங்கிட்டுப் பலாத்தோப்பு இருக்கிறது. வருசா வருசம் லாரி வியாபாரி வந்து, மரங்களை ஏறிட்டுப் பார்த்து, மொத்தமாக ஒரு விலை சொல்வான். அவன் சொன்னதுதான் விலை. ‘இனிமே அவன்கிட்டப் போகாத, பழத்த நான் வித்துத் தாரேன்’ என்று பார்வதியிடம் வாக்குக் கொடுத்தாள் வாசுகி. மெயில் வழியாக.

மெயில் வழியாகப் பலாப்பழமா என்று எல்லோரும்தான் கேட்டோம். உங்க அண்ணன் கேட்ட கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கிறது: ‘அட்டாச்மெண்ட்ல வெச்சு அனுப்புவியா?’ நீ சிரிக்கவே இல்லை. கல்லூரியிலிருந்து வந்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் சமையலறை மேசைக்கு வந்துவிடுவாய். வீடியோ பார்ப்பாய், நிறுத்துவாய், தாளில் பெட்டி பெட்டியாகக் கட்டம் போட்டு அம்புக்குறி இழுப்பாய். எனக்குப் புரியவில்லை என்றபோது நீ சொன்னதை நான் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

‘இது வாய்க்கால் மாதிரிதான் அண்ணி. ஆளு பேர் குடுத்து உள்ள வந்தா மொதல் மடை தொறக்கும், ‘வாங்க’ன்னு ஒரு மெயில் போகும். பழம் வாங்குனா ஒரு மடை, வாங்காட்டி இன்னொரு மடை. நான் மம்பட்டியோட வரப்புல நிக்க வேண்டியதில்ல. தண்ணி தானாப் பாயும்.’

அப்படித்தான் பாய்ந்தது. மாசி மாதம் ‘காய் வச்சிருக்கு’ என்று ஒரு மெயில். ஆர்டர் வந்தால், ‘மரத்துலேருந்து இறக்கியாச்சு, சாக்குல கட்டியாச்சு’ என்று ஒன்று. அதன் பிறகு நீ வைத்திருந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பார்சல் போய்ச் சேர்ந்து ஒன்றிரண்டு நாள் கழித்து அந்த மெயில் தானாகவே கேட்கும்: ‘வாசம் வந்துருச்சா?’ கீழே இரண்டு பட்டன். ‘வந்துருச்சு’, ‘இன்னும் இல்ல’. வந்துருச்சு என்று அமுக்கினால், கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், கீழே பேப்பர் விரித்துக்கொள்ளுங்கள் என்று வெட்டும் பக்குவம் போகும். இன்னும் இல்லை என்றால், ‘சாக்குப் போட்டு மூடி மூலையில வைங்க, அவசரப்பட்டுக் கத்திய எடுத்துறாதீங்க’ என்று போகும். மறுநாள் மறுபடி கேட்கும். எங்கோ கோயம்புத்தூரில் ஒரு வீட்டு மூலையில் பழம் கனிவதையும், இங்கே நீ கல்லூரியில் ஃபீஸ் ரசீது போட்டுக்கொண்டிருப்பதையும் ஒன்றாக நினைத்துப் பார்ப்பேன். பத்திரிகை நிருபராக எத்தனையோ பேட்டி எடுத்திருக்கிறேன். எந்தக் கேள்வியும் அந்த ‘வாசம் வந்துருச்சா’ அளவுக்குச் சரியான நேரத்தில் கேட்கப்பட்டதில்லை.

கடைசியில் ஒரு மெயில். ‘சாப்பிட்டாச்சா? சந்தோசம். அடுத்த மாசியில காய் வைக்கும். அப்பச் சொல்றேன். வாசுகி.’

அதன் அடியில்தான் அந்தப் பட்டன்.

எந்த மெயில் ஆனாலும், வேண்டாம் என்பவர்கள் விலகிக்கொள்ள அதன் அடியில் ஒரு வழி வைத்தே ஆக வேண்டும், அது விதி என்றாய். மென்பொருள் தானாகக் கொடுத்த தமிழைப் பார்த்துவிட்டு நீ முகத்தைச் சுளித்தது நினைவிருக்கிறது. ‘‘குழுவிலகு’ன்னு போட்டிருக்கு அண்ணி. ஊர்க்கூட்டத்துல சண்ட போட்டுத் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போற மாதிரி இருக்கு.’ அதை அழித்துவிட்டு நீ தட்டினாய்: போயிட்டு வாரேன். அமுக்கினால் திறக்கிற பக்கத்திலும் ஒரு வரி எழுதினாய்: நல்லபடியாப் போயிட்டு வாங்க. படித்துக் காட்டிவிட்டு நீயே ரசித்தாய்.

முதல் சீசன் நன்றாகப் போனது. இரண்டாவது சீசனில் மாசி மெயில் போனபோது பாதிப் பேர் இல்லை. பழம் வாங்காமல் சும்மா பெயர் கொடுத்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். வாங்கியவர்கள் போயிருந்தார்கள். அதுதான் உன்னைக் குடைந்தது. வேண்டாதவன் இருக்கிறான், சாப்பிட்டவன் போய்விட்டான் என்றால் பழத்தில் குறை என்றுதானே நினைக்கத் தோன்றும்?

நீ பார்வதியிடம் போய், எந்த மரத்துப் பழம் யாருக்குப் போனது என்று குடைந்தாய். அவள் கோபித்துக்கொண்டாள். ‘எம் மரத்துப் பழத்தக் குத்தம் சொல்றதா இருந்தா நீ வராத’ என்றாள். சில நாள் பேச்சில்லை. பிறகு பார்சல் கட்டுவதை மாற்றினாய். மெயிலின் தலைப்புகளை மாற்றினாய், நீளத்தைக் குறைத்தாய், படத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாய். ‘நீங்க பேப்பர்காரங்க, படிச்சுச் சொல்லுங்க அண்ணி’ என்று என்னிடம் நீட்டினாய். வெட்டினேன், திருத்தினேன். எல்லாவற்றையும் மாற்றிய நீ அந்த ஒரு பட்டனை மட்டும் தொடவில்லை. அதுதான் உனக்குப் பிடித்த வரி ஆயிற்றே.

மூன்றாவது சீசனில் ஆர்டர் இன்னும் மெலிந்தது. தோப்பில் பழம் விழுந்து வெடித்து ஈ மொய்த்ததை நானே போய்ப் பார்த்தேன். வியாபாரி அந்த வழியாகப் போனவன் வண்டியை நிறுத்திப் பார்வதியைக் கேட்டானாம், ‘என்ன ஆத்தா, இந்த வருசம் மரத்துல காய்ச்சிருக்கா, மெயில்ல காய்ச்சிருக்கா?’ அவள் அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னாள். அன்று நீ சாப்பிடவில்லை.

ஐப்பசியில் நீ போய்விட்டாய். இதயம் என்றார்கள். மூச்சு வாங்குகிறது என்று சொல்லி, நீயே நடந்துபோய் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாய். அதற்கு மேல் எழுத வேண்டாம். எழுதுவதற்குச் செய்தியும் இல்லை.

மாசியில் ஒரு திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். மனு கொடுக்க வந்தவர்கள் வரிசை வாசல்வரை இருந்தது. குடிநீர்க் குழாய் பற்றி ஒரு பெரியவர் சொல்வதைக் குறித்துக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். அனுப்புநர்: வாசுகி. ‘வணக்கம் அண்ணி, மரத்துல காய் வச்சிருக்கு.’

முதன்முதலில் சோதித்துப் பார்ப்பதற்காக என் முகவரியைப் போட்டாயே, பெயர் என்ற கட்டத்தில் ‘அண்ணி’ என்று அடித்துவிட்டாயே, அது அப்படியே இருந்திருக்கிறது. வாய்க்கால் தன் பாட்டுக்குப் பாய்ந்திருக்கிறது. பெரியவர் பேசிக்கொண்டே இருந்தார். எந்தத் தெரு, எத்தனை நாளாகத் தண்ணீர் இல்லை என்று ஒன்றையும் எழுதவில்லை. திரும்பக் கேட்டேன். ‘ஏம்மா, ஒடம்பு சரியில்லையா?’ என்றார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, வாசுகி. வீட்டில் சொன்னபோது உங்க அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்தார்: ‘அந்தக் கணக்க மூடிரு. அவ பேரு வந்து நிக்கிறத என்னால பாக்க முடியாது.’ பார்வதி வேறு விதமாகக் கேட்டாள். பங்குனி பிறந்ததும் தோப்புக்குப் போயிருந்தேன். அடிமரத்தில் காய்கள் பூனைக்குட்டிகள் மாதிரி ஒட்டிக்கொண்டு தொங்கின. வியாபாரி ஆள் விட்டிருக்கிறான், பங்குனி கடைசி வெள்ளிக்கிழமை வருகிறானாம், அட்வான்ஸ் வாங்கிவிட்டால் இந்த சீசன் முழுக்க மரம் அவனுடையது. ‘அக்கா, மெயில்ல பழம் வாங்க ஆளு வருமா வராதா? வாசுகி இருந்தா வரும்பா. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, அதான் ஒங்களைக் கேக்குறேன்’ என்றாள்.

தெரியாது என்றேன். அதுதான் அன்று உண்மை.

அதற்கு அடுத்த வாரம், கண்மாய் மதகு உடைந்த செய்திக்காக ஆவுடையார்கோவில் போனேன். மதகைப் பார்த்துவிட்டு டீக்கடையில் நின்றபோது ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். உன் முதல் சீசனில் மகள்களுக்கும் சேர்த்துப் பழம் வாங்கியவர். பேப்பரில் என் படத்தைப் பார்த்திருக்கிறார், நம் உறவும் தெரிந்திருக்கிறது.

‘ஏம்மா, பலாப்பழ வாசுகி ஒங்க வீட்டுப் பொண்ணுதானே? எங்க மேல என்ன கோவம் அதுக்கு?’

கோபமா என்றேன்.

‘காய் வச்சா சொல்றேன்னு எழுதுச்சு. அதோட சரி. ரெண்டு வருசமா ஒரு கடுதாசி கெடையாது. ஏதும் தப்பாப் பேசிப்புட்டமோன்னு எம் பொண்டாட்டி கேட்டுக்கிட்டே கெடக்கா.’

நீங்களே விலகிவிட்டீர்களே ஐயா, உங்கள் பக்கத்திலிருந்துதான் அமுக்கியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அவர் டீ டம்ளரைப் பலகையில் வைத்தார்.

‘நான் எங்கம்மா வெலகுனேன்? பழம் தின்னாச்சு, அந்தப் பொண்ணு சந்தோசம்னு எழுதியிருக்கு. அடியில ‘போயிட்டு வாரேன்’னு போட்டிருந்துச்சு. சொல்லிக்காம எப்புடிக் கெளம்புறது? அமுக்குனேன். நல்லபடியாப் போயிட்டு வாங்கன்னு அதுவும் பதில் சொல்லுச்சே.’

டீக்கடைக்காரர் மீதிச் சில்லறையோடு நின்றுகொண்டிருந்தார். வாங்கத் தோன்றவில்லை. மெயில் முடிந்ததும் யாரும் அந்த இடத்தில் எதையும் அமுக்க மாட்டார்கள், வெறுத்துப்போனால்தான் அதைத் தேடுவார்கள் என்று வீடியோவில் சொல்லிக் கொடுத்தவன் உனக்குச் சொல்லியிருப்பான். அவன் ஊரில் அது சரியாக இருக்கும். நம் ஊரில் ஒரு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வாசலில் அந்த வார்த்தையைச் சொல்லாமல் செருப்பை மாட்டிவிட முடியுமா? நீ வார்த்தையை அவர்கள் வாயருகே கொண்டுபோய் வைத்தாய். அவர்கள் சொன்னார்கள். யாருக்குப் பழம் பிடித்ததோ, யார் உன்னை மதித்தார்களோ, அவர்கள் எல்லாம் சொன்னார்கள். பழம் வாங்காதவனுக்கு அந்தக் கடைசி மெயிலே போகவில்லை, அவன் அப்படியே லிஸ்டில் கிடந்தான்.

பிறகு அவர், ‘அந்தப் பொண்ணு நல்லா இருக்கா?’ என்றார். சொன்னேன். ‘அப்ப அதுக்கு நான் வேண்டாம்னு சொன்ன மாதிரியேதான் போய்ச் சேந்துருக்கா?’ என்றார். அப்படித்தானா? நீ சொல்.

ஒருவர் சொன்னது போதாது. பார்சல் முகவரியில் இருந்த போன் எண்களை எடுத்துக்கொண்டு பார்வதியும் நானும் கூப்பிட ஆரம்பித்தோம். அறந்தாங்கிப் பக்கத்து ஆள் ஒருவர், மஸ்கட்டில் டிரைவர். இங்கே இருக்கும் அவருடைய ஆத்தாவுக்காகப் பழம் வாங்கியவர். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: ‘ஆமாக்கா, ஆத்தா சொள நல்லா இருந்துச்சுன்னு சொல்லுச்சு, அதான் சொல்லிக்கிட்டு வச்சேன். போன்ல பேசுனா அப்படித்தானே வைப்போம்?’ இது இரண்டாவது.

எல்லோரும் அப்படி இல்லை, அதையும் எழுத வேண்டும். திருச்சியில் ஓர் அம்மா, ‘நெசமாவே வேண்டாம்னுதாம்மா அமுக்குனேன். வாசம் வந்துருச்சா வந்துருச்சான்னு அது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எங்க மாமியார் பரவால்லன்னு ஆயிருச்சு’ என்றார். பார்வதி போனைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இன்று காலை உங்க அண்ணன். நேற்றுச் சாயங்காலமே அவரிடம் இந்தக் கதையெல்லாம் சொல்லியிருந்தேன். காலையில் கிளம்பும்போது, ‘நானுந்தான் அமுக்குனேன்’ என்றார். அவர் பெயரையும் நீ சேர்த்திருந்தது எனக்குத் தெரியாது.

‘வீட்ல என்னைய ஒரு மனுசனா மதிக்க மாட்டா. மெயில்ல மட்டுந்தான் ‘வணக்கம் அண்ணே’ம்பா. அதுக்காகவே காசு குடுத்து, வேலை பாக்குற எடத்துக்கு ஒரு பழம் வரவழைச்சேன். முடிஞ்சதும் போயிட்டு வாரேன்னு அமுக்குனேன். அப்புறம் வரல. வேணும்னே எடுத்துட்டாபோலன்னு இருந்துட்டேன்.’

கேட்டிருக்கலாமே, மாடியில்தானே இருந்தாள் என்றேன்.

‘தங்கச்சிகிட்டப் போயி, ஏம்மா எனக்கு மட்டும் மெயில் போட மாட்டேங்குறன்னு கேட்டா நல்லாவா இருக்கும்?’

அவர் போன பிறகு மாடிக்கும் கீழுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். ஒன்று மட்டும் பிடிபடவில்லை. விலகியவர்கள் பெயர்களை நீ உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தாயே. அதில் உங்க அண்ணன் பெயரும் இருந்திருக்குமே? பார்த்தாயா? பார்த்துவிட்டுத்தான், தினம் காலையில் அவருக்குக் காபி ஆற்றிக் கொடுத்துக்கொண்டே, ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தாயா? அவர் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டு இரண்டு பேரும் என்ன மரியாதை பார்த்தீர்கள்?

வேலையைச் சொல்கிறேன். விலகியவர்களை நாமாகத் திரும்பச் சேர்க்க முடியாது, அவர்களாகத்தான் பெயர் கொடுத்து வர வேண்டும் என்கிறது மென்பொருள். அது நியாயம்தான். ஆகவே கூப்பிட்டுச் சொல்லி, லிங்க் அனுப்புகிறோம். பட்டனை மாற்றியாகிவிட்டது. பார்வதியின் தோப்பில் உட்கார்ந்துதான் மாற்றினேன், அங்கே சிக்னல் இருக்கிற ஒரே மரத்தடியில். ‘மெயில் வேண்டாம்’ என்று போட்டபோது அவள் ஒப்பவில்லை. ‘மூஞ்சில அடிச்ச மாதிரி இல்லையாக்கா?’ திருச்சி அம்மாவுக்கு அதுதானே வேண்டும் என்றேன். வேண்டாம் என்பவர்கள் அதை நேராகச் சொல்ல ஓர் இடம் வேண்டும்.

உன் பட்டனை நான் எடுக்கவில்லை. ‘மெயில் வேண்டாம்’ சின்ன எழுத்தில் அடியில் இருக்கிறது. அதற்கு மேலே, முன்பு இருந்த இடத்திலேயே, ‘போயிட்டு வாரேன்’ இருக்கிறது. இப்போது அதை அமுக்கினால் ஆள் வெளியே போகமாட்டார். அந்த சீசனுக்கு வேறு மெயில் எதுவும் தொந்தரவு செய்யாது. அடுத்த மாசியில் காய் வைத்ததும் முதல் மெயில் அவருக்குப் போகும்: ‘வாங்க, வாங்க. சொன்ன மாதிரியே வந்துட்டீங்க.’ வீடியோக்காரன் இப்படி ஒரு மடை வெட்டச் சொல்லித் தந்திருக்க மாட்டான். வெட்ட எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஒரு தடவை தப்பாகத் திறந்துவிட்டு, பார்வதிக்கே திரும்பத் திரும்ப ‘வாங்க வாங்க’ போய், ‘நான் எம் வீட்லதான்க்கா இருக்கேன்’ என்று அவள் போன் செய்தாள்.

மெயிலின் அடியில் உன் பெயரை எடுத்துவிட்டேன். அதற்கும் அவள் சண்டை பிடித்தாள். ஆனால் ‘நான் வாசுகி’ என்று புது ஆளிடம் சொல்வது இனி செய்தி ஆகாது, பொய் ஆகிவிடும். இப்போது இப்படி இருக்கிறது: ‘நான் பார்வதி. மரம் என்னோடது. இந்த மெயிலெல்லாம் எழுதுனது என் சிநேகிதி வாசுகி. அவ இப்ப இல்ல.’ அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஓர் எழுத்தும் திருத்தவில்லை.

இனித் தெரிய வேண்டியவை. வியாபாரி நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை காலையில் வருகிறான். அதற்குள் திரும்பிப் பெயர் கொடுத்தவர்களைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று பார்வதி சொல்லியிருக்கிறாள். சிலர் வந்துவிட்டார்கள். இந்தக் கடிதத்தின் நடுவிலேயே எழுந்து எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். போதுமா என்று கேட்டால் இன்னும் போதாது. போஸ்ட்மாஸ்டருடைய மகள் நாளைக்கு வருகிறாளாம், வந்ததும் அவர் பெயரைப் போட்டுத் தருவாள், தெருவில் நாலு பேரையும் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். மஸ்கட்காரர் டியூட்டி முடிந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். உங்க அண்ணன் இன்னும் சேரவில்லை. மத்தியானம் போனில் கேட்டேன். ‘அதுல இப்ப யார் பேரு வரும்?’ என்றார். பார்வதி பெயர் என்றேன். யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டார். சொல்லிக்கொண்டு வைக்கவில்லை.

பார்வதி என்ன முடிவெடுத்தாலும் அது அவள் தோப்பு, அவள் முடிவு. வியாபாரியிடம் கொடுத்தாலும் நான் தவறு சொல்லமாட்டேன். ஆனால் அவளும் இப்போது உன் மேல் கோபமாக இல்லை. பழத்தில் குறை இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

அந்த ஐப்பசி மத்தியானத்தை நினைத்துக்கொள்கிறேன். ஆட்டோவில் உட்கார்ந்து நீ கடைசியாகச் சொன்னது, ‘லேப்டாப்ப சார்ஜ்ல போட்டு வைங்க அண்ணி.’ ஊரே அந்தப் பட்டனை அமுக்கியிருக்கிறது வாசுகி. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியது நீ மட்டும்தான்.

ஒரு வாக்குத் தருகிறேன். உன் பழைய வாய்க்காலை எல்லோருக்கும் அடைத்துவிட்டேன், ஒரே ஓர் ஆளைத் தவிர. நீ சோதனைக்குப் போட்ட அந்தப் பெயர் அதிலேயே இருக்கும். லேப்டாப் சார்ஜில் இருக்கும். மாசிக்கு மாசி உன் பெயரில் ஒரு மெயில், ‘வணக்கம் அண்ணி, மரத்துல காய் வச்சிருக்கு’ என்று என் ஒருத்திக்கு மட்டும் வரும். அதன் அடியில் உன் பழைய பட்டனும் இருக்கும்.

அதை நான் அமுக்க மாட்டேன்.

உன் அண்ணி
புதுக்கோட்டை